பூட்டை உடைக்காதீர்கள்: டெபியன் அப்டேட் மக்கர் செய்யும்போது

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. பழைய வாடிக்கையாளர், சின்ன அலுவலகம். டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம் ஒன்றின் பதிப்பு) ஓடும் ஒரே ஒரு சர்வர், கணக்கு, கோப்புகள், பிரிண்டர் எல்லாமே அதில்தான். “சார், அப்டேட் போட்டேன், ஏதோ லாக் ஆகியிருக்குன்னு வந்துச்சு. நெட்ல தேடினா அந்த லாக் ஃபைலை டெலிட் பண்ணச் சொல்லியிருந்தாங்க. பண்ணிட்டேன். இப்போ எதையுமே இன்ஸ்டால் பண்ண முடியல.”

சாப்பாட்டை முடிக்கவில்லை. ஏனென்றால் இந்த ஒரு வாக்கியத்தை வெவ்வேறு குரல்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அதன் பின்னால் என்ன காத்திருக்கும் என்பதும் தெரியும். டெபியன் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அப்டேட் நடுவில் நின்றுபோனது என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் வந்த பிழை சின்னது, பத்து நிமிடத்தில் தீரக்கூடியது. அதைச் சரிசெய்கிறேன் என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கட்டளைதான் மெஷினைச் சாய்த்திருக்கும்.

(ஒன்று சொல்லிவிடுகிறேன், கட்டளைகளை நாம் வாயால் சொல்வதுபோலவே இங்கே எழுதியிருக்கிறேன். அப்படியே டெர்மினலில் அடிக்காதீர்கள்.)

அந்தப் பூட்டு விஷயத்தை முதலில் பார்ப்போம். “குட் நாட் கெட் லாக்” (பூட்டு கிடைக்கவில்லை) என்று ஆப்ட், அதாவது டெபியனில் பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) இறக்கி நிறுவும் கருவி, சொன்னால், வேறு ஏதோ ஒரு புரோகிராம் இப்போது பேக்கேஜ்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறு என்று அர்த்தம். பெரும்பாலும் அது அனட்டெண்டட் அப்கிரேட்ஸ், அதாவது பாதுகாப்பு அப்டேட்களைத் தானாகவே போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. அதன் வழக்கமான நேரம் காலை ஆறு மணியை ஒட்டி வரும். ஆனால் இரவெல்லாம் மெஷின் அணைந்திருந்தால் தவறவிட்ட வேலையை ஆன் செய்தவுடன் ஆரம்பித்துவிடும். திங்கட்கிழமை காலையில் வந்து, சிஸ்டத்தை ஆன் செய்து, கையோடு அப்டேட் போடுகிறவருக்குப் பூட்டுப் பிழை வருவது இதனால்தான். புதிய ஆப்ட் எந்த புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) பூட்டைப் பிடித்திருக்கிறது என்று எண்ணோடு பெயரையும் சொல்லிவிட்டுக் காத்திருக்கவும் செய்கிறது. போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், முடிந்திருக்கும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. பூட்டு அந்த ஃபைல் இல்லை. ஃபைல் எப்போதுமே அங்கே கிடக்கும், அப்டேட் எதுவும் ஓடாதபோதும் கிடக்கும். அதன் மேல் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு புராசஸுக்குக் கொடுத்திருக்கும் உரிமைதான் பூட்டு. அந்த புராசஸ் செத்துவிட்டால் பூட்டும் தானாகவே விலகிவிடும், ஆக, ஃபைலை அழிக்க வேண்டிய சூழ்நிலை என்று ஒன்று வரவே வராது. புராசஸ் உயிரோடு இருக்கும்போது அழித்தால் என்ன ஆகும்? பழைய ஃபைலைப் பிடித்திருப்பவர் அதைப் பிடித்தபடியே வேலை செய்துகொண்டிருப்பார். நீங்கள் ஓட்டும் ஆப்ட் அதே பெயரில் புது ஃபைல் ஒன்றை உண்டாக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். இருவரும் ஒரே பேரேட்டில் ஒரே நேரத்தில் எழுதுவார்கள்.

அந்த சனிக்கிழமை நடந்தது இதுதான். டிபிகேஜி (ஆப்டுக்கு அடியில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) எந்தெந்தப் பேக்கேஜ் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஸ்டேட்டஸ் என்ற ஃபைல் நடுவில் அறுந்து கிடந்தது. அது இல்லாவிட்டால் கணினிக்குத் தன்னிடம் என்ன இருக்கிறதென்றே தெரியாது. நல்லவேளை, டெபியன் அதன் பிரதியைத் தினமும் வார் கோப்புறைக்குள் இருக்கும் பேக்கப்ஸ் என்ற இடத்தில் எடுத்துவைக்கிறது, யாரும் கேட்காமலே. முதலில் இருப்பதை அப்படியே இன்னொரு இடத்துக்குப் பிரதி எடுத்தேன் (உடைந்ததாக இருந்தாலும் முதலில் பிரதி எடுங்கள், இதை மட்டும் என்னிடம் யாரும் வாதிட வேண்டாம்), அப்புறம் முந்தின நாள் ஸ்டேட்டஸைத் திரும்ப வைத்து, டிபிகேஜி லாக்கைப் பார்த்து அன்று காலை என்னென்ன மாறியது என்று ஒப்பிட்டு, அந்தப் பேக்கேஜ்களை மட்டும் மறுபடி நிறுவி, கடைசியில் ‘டிபிகேஜி கன்ஃபிகர் ஆல்’ ஓட்டினேன். மணி ஐந்தாகிவிட்டது. காலையில் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது.

பிழைச் செய்தியை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கடைசி வரியைப் பார்க்கிறார்கள், அதையே தேடுகிறார்கள். கடைசி வரி பெரும்பாலும் “பிழை வந்தது, அதனால் நிறுத்திவிட்டேன்” என்கிற ஒப்பாரி மட்டும்தான். காரணம் மேலே இருக்கும். மேலே போய், ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் முதல் வரியையோ, முதன்முதலாகப் பிழை என்று சொல்லும் பேக்கேஜின் பெயரையோ பிடியுங்கள். திரையில் ஓடிப்போய்விட்டால் கவலை இல்லை. வார், லாக், ஆப்ட் என்று உள்ளே போனால் டெர்ம் லாக் என்று ஒரு ஃபைல் இருக்கிறது, பேக்கேஜ்களை நிறுவும்போது டிபிகேஜி திரையில் காட்டியது அதில் இருக்கும். பக்கத்திலேயே ஹிஸ்டரி லாக், அதில் யார் எப்போது என்ன கட்டளை கொடுத்தார்கள் என்பதுகூட இருக்கும். “நான் எதையும் தொடலையே சார்” என்பவர்களிடம் நான் அதைத்தான் மெதுவாகத் திறந்து காட்டுவேன்.

சில பிழைகள் படித்தாலே சிரிப்பு வரும். “ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்” என்று ஒன்று. நாளைக்குத்தான் செல்லுபடியாகும் என்கிறதா? கிட்டத்தட்ட அதேதான். மிரரிலிருந்து (பேக்கேஜ்களைத் தரும் பிரதி சர்வர்) வரும் பட்டியலில் அது எப்போது தயாரிக்கப்பட்டது என்ற தேதி இருக்கும். உங்கள் கணினியின் கடிகாரம் அதற்குப் பின்னால் ஓடினால், எதிர்காலத்திலிருந்து வந்த பட்டியலை நம்ப ஆப்ட் மறுக்கிறது. பழைய மெஷின்களில் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பொத்தான் பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இதற்காக ஒருவர் மிரரை ஆறு முறை மாற்றிப் பார்த்திருந்தார். கடைசியில் செலவு ஒரு பேட்டரிதான். கடிகாரம் முன்னால் ஓடினால் இதற்கு நேர்மாறு, பட்டியல் காலாவதியாகிவிட்டது என்று வரும். அந்தக் காலாவதித் தேதி வேண்டுமென்றே வைத்திருப்பது. ஓட்டை இருந்த காலத்துப் பழைய பட்டியலையே யாராவது நடுவில் புகுந்து உங்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டிவிடக் கூடாதே.

இன்னொரு வகை, பெயர் மாறுவதால் வருவது. டெபியனில் ஒரு பதிப்பு ஸ்டேபிளாக (நடப்பு நிலையான பதிப்பாக) இருந்து, அடுத்தது வந்ததும் ஓல்ட் ஸ்டேபிள் ஆகும். 2023 ஜூன் 10 அன்று டெபியன் 12 வந்தது, 2025 ஆகஸ்ட் 9 அன்று 13 வந்தது. அந்த மாதிரி நாட்களில் “கோட்நேம் (பதிப்பின் பெயர்) மதிப்பு மாறியிருக்கிறது” என்று ஆப்ட்-கெட் நின்றுவிட்டால், மாற்றம் உங்களுக்குத் தெரிந்தே நடக்கட்டும் என்று கேட்கிறது, அவ்வளவுதான். சோர்சஸ் லிஸ்டில் (பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்ற பட்டியல்) ஸ்டேபிள் என்ற பொதுப்பெயரை எழுதிவைத்திருந்தவர்கள்தான் இங்கே மாட்டுவார்கள், தாங்கள் அறியாமலே அடுத்த பதிப்புக்குள் பாதி இழுத்துப் போகப்பட்டிருப்பார்கள். புக்வார்ம் (12), டிரிக்ஸி (13) என்று பதிப்பின் பெயரையே எழுதுங்கள். 12-இல் நான்-ஃப்ரீ ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்க அதற்குள் ஏற்றும் மென்பொருள்) என்று தனிப் பிரிவே புதிதாக வந்தது. அதைச் சேர்க்காமல் மேலேற்றியவர்களுக்குப் பிழை எதுவும் வராது, ஒரு சின்னக் குறிப்பு மட்டும் வரும், வைஃபை ஃபர்ம்வேர் மட்டும் பழசாகவே நின்றுவிடும். சத்தம் போடாத பிரச்சினைகள்தான் எனக்குப் பயம்.

பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டவர்களின் கதை வேறு. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் டெபியன் 10 இருந்தது, 2019 ஜூலையில் வெளிவந்தது. அதற்கான நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது, பேக்கேஜ்களும் பிற்பாடு வழக்கமான மிரர்களிலிருந்து ஆர்க்கைவ் சர்வருக்குப் போய்விட்டன. அப்டேட் போட்டால் 404. அங்கிருந்த டெக்னீஷியன் சோர்சஸ் லிஸ்டில் பஸ்டர் (10-இன் பெயர்) என்று இருந்த இடத்திலெல்லாம் டிரிக்ஸி என்று மாற்றி ஃபுல் அப்கிரேட் கொடுத்திருக்கிறார். மூன்று மாடியை ஒரே தாவலில் ஏறப் பார்த்த கதைதான். டெபியன் ஒரு பதிப்பிலிருந்து அதற்கு அடுத்ததற்கு ஏறுவதை மட்டும்தான் சோதித்து ஆதரிக்கிறது, 10 என்றால் 11, அப்புறம் 12, அப்புறம் 13. அந்த மெஷின் பாதி வழியில் விழுந்தது. நான் அதை மீட்க முயலவில்லை, தரவை எடுத்துக்கொண்டு புதிதாக நிறுவினேன், முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மீட்பதா, மறுபடி நிறுவுவதா என்று முடிவெடுப்பதும் இந்த வேலையில் ஒரு திறமைதான், வீம்புக்காக இரண்டு நாள் உட்கார வேண்டியதில்லை.

வெளி ரெப்போக்கள், அதாவது டெபியன் அல்லாத மற்றவர்கள் நடத்தும் பேக்கேஜ் களஞ்சியங்கள். இதைப்பற்றித் தனியாகவே எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். “நோ பப் கீ” பிழை வந்தால் அந்த ரெப்போவின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி உங்களிடம் இல்லை என்று பொருள். இணையத்தில் கிடைக்கும் பழைய தீர்வுகள் எல்லாம் ஆப்ட்-கீ என்ற கட்டளையைச் சொல்லும். அது எந்த ஒரு சாவியையும் எல்லா ரெப்போவுக்கும் செல்லுபடியாக்கிவிடும் என்பதால் கைவிடப்பட்டு, டெபியன் 13-இல் எடுத்தே விட்டார்கள். இப்போது ஒவ்வொரு ரெப்போவுக்கும் சைன்ட்-பை என்று அதனதன் சாவியைக் குறிக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் “டிரஸ்டட் யெஸ்” என்று போட்டுக் கையொப்பச் சோதனையை அணைக்காதீர்கள். அதேபோல ஒரு புது மென்பொருளுக்காக ஸ்டேபிளோடு டெஸ்டிங் (அடுத்த பதிப்புக்கான சோதனை) ரெப்போவைக் கலக்காதீர்கள். 2024 மார்ச் கடைசியில் எக்ஸ்இஸட் என்ற ஃபைல் சுருக்கும் கருவிக்குள் யாரோ பின்வாசல் வைத்தது தெரியவந்ததே, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் தன் டெபியன் மெஷினில் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து உள்நுழையும் வழி) அரை நொடி தாமதமாவதைப் பார்த்துக் கண்டுபிடித்தாரே, அந்தக் கெட்ட பதிப்பு டெஸ்டிங்கிலும் அன்ஸ்டேபிளிலும் இருந்தது. ஸ்டேபிளுக்குள் வரவில்லை.

பூட் பகுதி நிறைந்துபோவது அடிக்கடி வரும் தொல்லை. புது கர்னல் வரும்போதெல்லாம் பழையது மிஞ்சி நிற்கும், இடம் போதாமல் இனிட்ராம்எஃப்எஸ் (மெஷின் எழும்போது கர்னலோடு ஏறும் ஃபைல்) உருவாவது பாதியில் நிற்கும். ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ போடுங்கள், இல்லாவிட்டால் இப்போது எந்தக் கர்னலில் ஓடுகிறீர்கள் என்று பார்த்து, அதை விட்டுவிட்டுப் பழைய கர்னல் பேக்கேஜை ஆப்ட் வழியாக நீக்குங்கள். பூட் கோப்புறைக்குள் போய்க் கையால் ஃபைலை அழித்தால் டிபிகேஜி அது இன்னும் இருக்கிறதென்றே நினைத்துக்கொண்டிருக்கும். 13-க்குப் போவதற்கு முன் பூட் குறைந்தது 768 எம்பி அளவும் அதில் 300 எம்பி காலியாகவும் இருக்கட்டும் என்று வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. வெளியீட்டுக் குறிப்பை யார் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், நான் படிக்கிறேன், அதற்குத்தான் காசு வாங்குகிறேன்.

மெஷினை எழுப்பிவிடும் பூட் நிரலான கிரப் பற்றியும் ஒன்று. 2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற ஓட்டைக்காகப் புது கிரப் வந்தபோது சில மெஷின்கள் ரீபூட்டுக்குப் பிறகு “கிரப் காலாக் நாட் ஃபவுண்ட்” என்று கறுப்புத் திரையில் நின்றன. கிரப்பின் ஒரு துண்டு டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும், மற்றவை பூட் கோப்புறையில். எந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்பதை நிறுவும்போதே கேட்டுக் குறித்துவைத்திருக்கும். இடையில் நீங்கள் ஹார்ட் டிஸ்க்கை மாற்றியிருந்தாலோ, க்ளோன் செய்திருந்தாலோ, அது இல்லாத டிஸ்க்கையே தேடிக்கொண்டிருக்கும். உள்ளே புதுசு, தொடக்கத்தில் பழசு, இரண்டும் பேசிக்கொள்ளாது. பழி அன்றைய அப்டேட் மேல் விழுந்தது, தப்பு இரண்டு வருடம் முன்பு டிஸ்க் மாற்றிய நாளில் நடந்தது. பயாஸ் வழியாகப் பூட் ஆகும் மெஷினில் டிஸ்க் மாற்றினால் அன்றைக்கே ‘டிபிகேஜி ரீகன்ஃபிகர் கிரப்-பிசி’ ஓட்டிச் சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

அப்படியானால் அப்டேட்டே தப்பு செய்யாதா என்றால், செய்யும். 2023 டிசம்பரில் 12.3 வெளியாகும் நேரத்தில் 6.1.64 கர்னலில் எக்ஸ்ட்4 (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) தரவைக் கெடுக்கும் வழு இருப்பது தெரிந்து, வெளியீட்டை நிறுத்திவைத்தார்கள். மறுநாளே, டிசம்பர் 10 அன்று, சரிசெய்த கர்னலோடு 12.4 வந்தது. இத்தனைக்கும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் நடத்தும் திட்டம். நான் அன்று முதல் முக்கியமான சர்வர்களில் கர்னலை மட்டும் தானாக ஏறவிடாமல், ஒரு சோதனை மெஷினில் முதலில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றில் போடுகிறேன். அதற்காகச் சிலர் செய்வதுபோல ‘ஹோல்ட்’ (அந்தப் பேக்கேஜ் அப்டேட் ஆகாமல் நிறுத்துவது) போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். மூன்று வருடப் பழைய கர்னலோடு இணையத்தில் நிற்கும் சர்வர்களைப் பார்த்திருக்கிறேன், ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் போட்டால்தான் குட்டு வெளிப்படும்.

தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக அப்கிரேட் செய்கிறீர்கள் என்றால் ஸ்க்ரீன் அல்லது டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். நெட் போனாலும் வேலை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்குமா என்று முன்பே பாருங்கள். “யெஸ்” அடிப்பதற்கு முன் எதெல்லாம் நீக்கப்படும் என்ற பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், ஒரு சின்னப் பேக்கேஜுக்காக டெஸ்க்டாப்பையே கழற்றிவிடச் சம்மதம் கேட்டிருக்கும்.

உதவி கேட்கும்போது ‘வேலை செய்யல’ என்று மட்டும் எழுதாதீர்கள். கொடுத்த கட்டளை, முதல் பிழை வரி, ‘ஆப்ட் பாலிசி’ காட்டுவது, சோர்சஸ் லிஸ்ட், இவ்வளவும் இருந்தால் பெரும்பாலும் ஒரே பதிலில் முடியும். ஆங்கிலம் அல்லாத இடைமுகம் வைத்திருந்தால் மொழியை ‘சி’ என்று மாற்றி ஒருமுறை ஓட்டி அந்தச் செய்தியையே அனுப்புங்கள், தேடுவதற்கு எளிது. அந்த சனிக்கிழமைக்காரர் இப்போதெல்லாம் முழுத் திரையையும் போட்டோ எடுத்து அனுப்புகிறார். போன வாரம் வந்த படத்தில் பூட்டுச் செய்தி இருந்தது, கீழே அவரே எழுதியிருந்தார்: “வெயிட் பண்றேன் சார்.”