வைக்கோல் விட்டுப்போன சிவப்பு

"ஜப்பானியப் பிஸென் கிண்ணத்தில் ஓடும் சிவப்புக் கோடுகளை எந்தச் சாயத்தால் வரைகிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சாயமே இல்லை. அது வைக்கோலின் வேலை.

பிஸென், ஒகயாமா மாகாணத்தில் இருக்கிறது. அங்குள்ள குயவர்களுக்கு வயலுக்கு அடியில் தோண்டும் களிமண், செம்பைன் விறகு, பத்து நாளுக்கு மேல் எரியும் சூளை, மெருகுப்பூச்சு கிடையாது. கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இடையில் வைக்கோல் வைத்தார்கள். சூளையைப் பிரித்தால் வைக்கோல் கிடந்த இடமெல்லாம் செக்கச்செவேல் என்றிருந்தது. ஹிதசுகி என்று அதற்குப் பெயர். பழைய பிஸென் பாணியை மீட்டெடுத்த குயவர் கனேஷிகே தோயோவை 1956இல் 'வாழும் தேசியச் செல்வம்' என்று அரசு அறிவித்தது. இன்றைய குயவர்கள் அந்தக் கோட்டுக்காகவே வைக்கோல் சுற்றுகிறார்கள்.

களிமண்ணில் இரும்பு உண்டு, சுட்டால் சிவக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் 1200 டிகிரி செல்சியஸில் அந்த இரும்பு மற்ற கனிமங்களுக்குள் புகுந்து மங்கிவிடும். வைக்கோல்தான் அதைக் காப்பாற்றுகிறது. நெற்பயிர் உறிஞ்சும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு நெல்மணிக்குப் போகாமல் வைக்கோல் தாளிலேயே தங்கிவிடும். வைக்கோல் எரிந்தபின் அந்தப் பொட்டாசியம் களிமண்ணோடு சேர்ந்து அதன் உருகுநிலையைக் குறைக்கிறது. கலம் அப்படியே நிற்க, வைக்கோல் பட்ட மேல்தோல் மட்டும் பாகாகிறது.

இனி நடப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பாகிலிருந்து முதலில் பிரிவது அலுமினியம் ஆக்சைடு, அறுகோணத் தகடுகளாக. குருந்தம் என்ற கனிமம் அது. மாணிக்கமும் நீலக்கல்லும் அதன் வகைகளே. அதன் ஆங்கிலப் பெயரும் நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான். சூளை மெல்ல மெல்ல ஆறும்போது இரும்பு ஆக்சைடு படிகமாக இடம் தேடுகிறது. அதன் அணுக்கள் அடுக்கும் முறையும் குருந்தத்தின் முறையும் ஒன்று. கட்டிய சுவரின்மேல் கொத்தனார் அடுத்த வரிசையை வைப்பதுபோல், தகட்டின் விளிம்பைப் பிடித்தே இரும்பு ஆக்சைடு வளர்கிறது. நிறமற்ற தகடு, சுற்றிலும் சிவப்புக் கரை! யோஷிஹிரோ குசானோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதைக் காட்டினார்கள். அவசரமாக ஆற்றினால் இந்தச் சிவப்பு வராது.

கிண்ணத்துக் கோட்டை ஆராய்ந்து என்ன பயன் என்று கேட்கும் நிதிக் குழுக்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. நூற்றாண்டுகளாகக் குயவர்கள் செய்துவந்த சோதனைக்குக் கடைசியில் குசானோ குழுவினர் விடை எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பணம் தராமல் வேறு எதற்குத் தருவது?

அடுத்த முறை ஹிதசுகிக் கிண்ணத்தின் படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு வைக்கோல் தாள்கள் குறுக்கே விழுந்த இடம்கூடத் தெரியும்.