ரேம் நிறைந்தால் குரல் நிற்பது ஏன்?

கணினி திணறினால் கண் பார்வை உள்ளவருக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு வட்டம் சுற்றும், ஜன்னல் வெளிறிப்போகும். சரி, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்துவிடலாம். திரையைக் காதால் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. பிரவுசர் உறைந்தாலும், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் நின்றுபோனாலும், ஹெட்போன் கழன்றாலும் எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். அதாவது, எதுவுமே கேட்காது.

பழி முதலில் ஸ்கிரீன் ரீடர் மேல்தான் விழும். பல நேரங்களில் அது பாவம், ரேம் பற்றாமல் தவிக்கும் பலரில் ஒன்று.

ரேம் என்பது அடுப்பு மேடை மாதிரி. வேலை நடக்கும்போது வேண்டியதெல்லாம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் விண்டோஸ் சில பொருட்களைப் பரணில் ஏற்றிவிடும். பரண் என்பது இங்கே ஹார்டு டிஸ்க். மேடையிலிருந்து ஒன்றை எடுக்க 1 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பழைய சுழலும் டிஸ்க்கிலிருந்து எடுத்துவர ஏறக்குறைய 1 லட்சம் நொடி, அதாவது ஒரு நாளுக்கு மேல் ஆகும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் என்றால் கால் மணி நேரம் போல.

எதைப் பரணில் ஏற்றுவது? கொஞ்ச நேரமாக யாரும் தொடாததை. இங்கேதான் சிக்கல். நீங்கள் பத்து நிமிடம் போனில் பேசிவிட்டு வருகிறீர்கள். அதற்குள் பின்னணியில் ஒரு அப்டேட் ஓடியிருக்கிறது. சும்மா இருந்த ஸ்கிரீன் ரீடரின் பகுதிகளும் பரணுக்குப் போயிருக்கலாம். கீழ் அம்புக்குறியை அழுத்துகிறீர்கள், பதில் இல்லை. விசை பதியவில்லை போலிருக்கிறது என்று இன்னும் நான்கு முறை அழுத்துகிறீர்கள். மூன்று நொடி கழித்து ஐந்தும் சேர்ந்து வேலை செய்கின்றன. எந்த வரியில் இருக்கிறோம் என்றே தெரியாது.

ஸ்கிரீன் ரீடரே மேடையில் இருந்தாலும் போதாது. அது திரையைப் 'பார்த்து'ப் படிப்பதில்லை. "இப்போது எந்தப் பொத்தானில் இருக்கிறோம், அதன் பெயர் என்ன?" என்று அந்தந்த மென்பொருளிடம் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும். பதில் சொல்ல வேண்டிய மென்பொருள் பரணில் கிடந்தால், கேட்டவரும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய இலவச ஸ்கிரீன் ரீடர் என்விடிஏ-வில் இதற்கென்றே ஒரு காவலாளி உண்டு. முதன்மைப் பகுதி எங்கேயாவது மாட்டிக்கொண்டதா என்று அது தனியாகக் கவனித்துக்கொண்டிருக்கும். மாட்டியிருந்தால், காத்திருக்கும் அந்தக் கேள்வியைக் கைவிடச் செய்து மீட்கப் பார்க்கும்.

இணையப் பக்கங்களில் செலவு இன்னும் கூடும். அம்புக்குறியால் வரி வரியாகப் படிக்க வசதியாக, பக்கத்தின் உரையை எல்லாம் என்விடிஏ ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. குரோம் தன் பங்குக்கு, பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று விவரிக்கும் ஒரு மரவமைப்பைத் தயாரிக்கும். யாராவது கேட்டால்தான் முழுதாகத் தயாரிக்கும். ஆக, ஒரே பக்கத்தை ஒரே மாதிரி இரண்டு கணினிகளில் திறந்தாலும், ஸ்கிரீன் ரீடர் ஓடுகிற கணினியில் பிரவுசர் கூடுதல் ரேம் கேட்கும். '4 ஜிபி தாராளம்' என்று கடைக்காரர் சொல்லும்போது இதையெல்லாம் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்.

அதற்காக ரேமை மிச்சம் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2023-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 113 இந்த விவரங்களை முன்கூட்டியே பிரவுசரின் முதன்மைப் பகுதியில் சேர்த்து வைத்துக்கொண்டது. ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளே ஓடிப்போய்க் கேட்டுவரும் வேலை மிச்சம். வேகமும் நிலைத்தன்மையும் நன்றாகவே கூடின. ரேமைக் கொடுத்து வேகத்தை வாங்கும் பேரம் இது.

அப்புறம் குரல். எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் என்ற பேச்சுப்பொறி நொடிக்கு 22,050 ஒலி மாதிரிகளைத் தயாரிக்கிறது. ஒன்றுக்கு 2 பைட் என்றால் நொடிக்கு 44,100 பைட். பெரிய அளவில்லை, ஆனால் தாமதமின்றி வந்துகொண்டே இருக்க வேண்டும். வரத்து நின்றால் ஒலி திக்கும், கரகரக்கும். ஈஸ்பீக்கின் தமிழ்க் குரலை 'ரோபோ குரல்' என்று கிண்டல் செய்வார்கள். பதிவு செய்த மனிதக் குரல் எதையும் சுமக்காமல், விதிகளின்படி ஒலியை அது தானே உருவாக்குகிறது. அதனால் ரேமில் மிகக் கொஞ்ச இடமே போதும். இனிமையான குரல்கள் மூச்சுவாங்கும் பழைய கணினியிலும் அது பேசிக்கொண்டிருக்கும். எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை உண்டு.

சத்தம் நின்றதும் பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பது பலருக்கும் வரும் முதல் எண்ணம். சேமிக்காத வேலையெல்லாம் போய்விடும். அதற்கு முன் கண்ட்ரோல், ஆல்ட், என் (N) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏ மட்டும் மறுபடி தொடங்கும். காலையிலிருந்து இரவுவரை ஓடும்போது சிறுகச் சிறுகச் சேர்ந்த தேவையற்ற நினைவகமும் அப்போது விடுபடும். அதுவும் பேசவில்லை என்றால் விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, விண்டோஸுடனேயே வரும் ஸ்கிரீன் ரீடரான நேரேட்டரை எழுப்பிப் பார்க்கலாம். இரண்டுமே மௌனம் என்றால் பொறுத்திருப்பது நல்லது. சுழலும் டிஸ்க் உள்ள கணினியில் காதை ஒட்டிவைத்தால் கரகரவென்று சத்தம் கேட்கும். உள்ளே பரணில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எஸ்எஸ்டி எத்தனையோ மடங்கு வேகம். ஆனால் அதில் அந்தக் கரகரப்பும் கேட்காது.