மாறியதைக் காட்ட, மாறாததைத் தேடும் கணக்கு

"எவர் வேண்டுமானாலும் வந்து திருத்தலாம் என்கிறீர்கள். அப்படியானால் அதில் இருப்பதை எப்படி நம்புவது?" இணையக் கலைக்களஞ்சியத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. நியாயமான கேள்விதான். கருந்துளை முதல் கரையான் வரை, பண்டைய எகிப்து முதல் பகா எண்கள் வரை ஆங்கில விக்கிப்பீடியாவில் மட்டும் 60 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றில் செய்யப்பட்ட திருத்தங்களின் எண்ணிக்கை 2021 ஜனவரியில் நூறு கோடியைத் தாண்டியது. இத்தனையையும் உட்கார்ந்து படித்துச் சரிபார்க்க எந்தப் பதிப்பாசிரியர் குழுவாலும் முடியாது.

மேற்கோள் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது, ஊதியமில்லாமல் உழைக்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள் என்பது வழக்கமான பதில். அது உண்மை. ஆனால் அந்தத் தன்னார்வலர்களின் கையில் ஒரு கருவி இல்லாவிட்டால் அத்தனை விதிகளும் ஏட்டளவிலேயே நின்றிருக்கும். அந்தக் கருவிக்குள் இருக்கும் கணக்கின் அழகைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மலேரியாவைப் பற்றிப் பத்தாயிரம் சொற்களில் ஒரு கட்டுரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் கண்டறிந்த ஆண்டு 1897. யாரோ ஒருவர் நள்ளிரவில் வந்து அதை 1879 என்று மாற்றிவிட்டுப் போகிறார். காலையில் முழுக் கட்டுரையையும் நீங்கள் படித்தாலும் கண்ணில் படாது. 1879-உம் பார்வைக்கு ஒழுங்கான ஆண்டாகத்தான் தெரியும். ஆனால் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால், பழைய வரி இடப்பக்கமும் புதிய வரி வலப்பக்கமும் நிற்கின்றன. பத்தாயிரம் சொற்களில் அந்த இரண்டு எண்கள் மட்டும் நிறம் பூசிக்கொண்டு பளிச்சென்று தெரிகின்றன. சரிபார்க்க அரை நிமிடம் போதும்.

திருத்தியவர் எதை மாற்றினார் என்பதை மென்பொருள் அப்போதே குறித்து வைத்திருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். விக்கிப்பீடியாவின் மென்பொருள் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கட்டுரை முழுவதையும் புதிய பிரதியாக அது எடுத்து வைக்கிறது. ஒரே ஒரு காற்புள்ளியைச் சேர்த்தாலும் முழுப் பிரதிதான். (அடுத்தடுத்த பிரதிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், சேர்த்துச் சுருக்கி வைக்கும்போது இடம் அதிகம் பிடிப்பதில்லை.) மாற்றம் என்பது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. நீங்கள் கேட்கும் அந்தக் கணத்தில் இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துக் கணக்கிட்டுக் காட்டுகிறது. நேற்றைய பிரதியை இன்றையதோடும் ஒப்பிடலாம். பத்தாண்டுக்கு முந்தைய பிரதியையும் ஒப்பிடலாம்.

அந்தக் கணக்கு எளிதாகத் தோன்றும். முதல் சொல்லை முதல் சொல்லோடு, இரண்டாவதை இரண்டாவதோடு என்று வரிசையாக ஒப்பிட்டால் போதாதா? போதாது. கட்டுரையின் தொடக்கத்தில் ஒரே ஒரு சொல்லைப் புதிதாகச் சேர்த்துப் பாருங்கள். அதற்குப் பின்னால் உள்ள அத்தனை சொற்களும் ஓரிடம் தள்ளிப் போய்விடும். இரண்டாவது சொல் மூன்றாவதாகவும் மூன்றாவது நான்காவதாகவும் நிற்க, பத்தாயிரம் சொற்களும் மாறிவிட்டன என்று அறிக்கை வரும்.

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்த பதிப்பாசிரியர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரு சுவடியில் எழுதியவர் ஓர் அடியை விட்டுவிட்டால், அதற்குப் பிறகு எல்லாமே வேறுபாடு என்று எவரும் குறிக்கமாட்டார்கள். இரண்டு சுவடிகளும் மறுபடி எங்கே ஒன்றுசேர்கின்றன என்று கண்ணை ஓட்டி, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு தொடர்வார்கள். கணினிக்குக் கண்ணை ஓட்டத் தெரியாது. அதற்குப் புரியும்படி கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். எது மாறியது என்று கேட்காமல், எது மாறாமல் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இரண்டு பிரதிகளிலும் ஒரே வரிசையில் வரும் சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடையிடையே வேறு சொற்கள் வரலாம். வரிசை மட்டும் கலையக் கூடாது. இப்படித் தேர்ந்தெடுக்கக் கூடியவற்றில் மிக நீளமானதைக் கணிதத்தில் 'மிக நீண்ட பொதுத் தொடர்வரிசை' என்கிறார்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி வேலை தானாக முடிந்துவிடும். பழைய பிரதியில் அந்த வரிசையில் சேராமல் மிஞ்சியவை நீக்கப்பட்டவை. புதிய பிரதியில் மிஞ்சியவை சேர்க்கப்பட்டவை.

சிறிய எடுத்துக்காட்டு ஒன்று பார்ப்போம். பழைய பிரதியில் 'மழை காற்று இடி மின்னல்' என்று இருக்கிறது. புதிய பிரதியில் 'காற்று இடி மின்னல் மழை'. முதலில் கிடைத்த பொருத்தத்தைப் பிடித்துக்கொள்வோம் என்று அவசரப்பட்டு, பழைய பிரதியின் முதல் சொல்லான 'மழை'யைப் புதிய பிரதியின் கடைசியில் நிற்கும் 'மழை'யோடு இணைத்தால் கதை முடிந்தது. அதற்குப் பின்னால் புதிய பிரதியில் சொல்லே இல்லை. பொதுவானது ஒன்றே ஒன்று என்றாகிவிடும். 'மழை'யை விட்டுக்கொடுத்தால் காற்று, இடி, மின்னல் என்று மூன்று கிடைக்கும். ஆக, ஒரு பொருத்தத்தை ஏற்பதா விடுவதா என்பது பின்னால் வரப்போவதைப் பொறுத்தது.

அப்படியானால் எல்லா வாய்ப்புகளையும் சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். நூறு சொற்கள் உள்ள ஒரு பத்தியில் ஒவ்வொரு சொல்லையும் எடுக்கலாம் அல்லது விடலாம். வாய்ப்புகள் 2-ஐ நூறு முறை பெருக்கினால் வரும் எண், அதாவது 31 இலக்கம். நொடிக்கு நூறு கோடி வாய்ப்புகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்கும், பேரண்டத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளைப் போல் 2,900 மடங்கு காலம் பிடிக்கும். ஒரு பத்திக்கு!

இங்கேதான் அந்தக் கட்டம் வருகிறது. நான் முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று இரவு தூக்கம் வரவில்லை, அத்தனை மகிழ்ச்சி. நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரதியின் நான்கு சொற்களை இடப்பக்க ஓரத்தில் மேலிருந்து கீழாக எழுதுங்கள். புதிய பிரதியின் நான்கு சொற்களை மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக எழுதுங்கள். நடுவில் பதினாறு கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு சிறிய கேள்வி: இதுவரையிலான பழைய சொற்களுக்கும் இதுவரையிலான புதிய சொற்களுக்கும் பொதுவான மிக நீண்ட வரிசை எத்தனை சொல்?

கட்டத்தை நிரப்ப ஒரே விதிதான். அந்தக் கட்டத்துக்கு நேரான இரண்டு சொற்களும் ஒன்றாக இருந்தால், இடப்பக்க மேல் மூலையில் உள்ள எண்ணோடு 1 கூட்டி எழுதுங்கள். வேறாக இருந்தால், மேலே உள்ள எண், இடப்பக்கம் உள்ள எண் ஆகிய இரண்டில் பெரியதை அப்படியே இறக்கி எழுதுங்கள். கட்டத்துக்கு வெளியே எல்லாம் பூச்சியம். 'மழை' வரிசையில் 0, 0, 0, 1 வரும். 'காற்று' வரிசையில் 1, 1, 1, 1. 'இடி' வரிசையில் 1, 2, 2, 2. 'மின்னல்' வரிசையில் 1, 2, 3, 3. வலப்பக்கக் கீழ்மூலையில் நிற்கும் 3 தான் விடை.

இதில் என்ன நடந்தது என்று சற்று நின்று பார்க்க வேண்டும். எந்த நேரத்திலும் நாம் முன்னோக்கி ஊகிக்கவில்லை. 'மழை'யை எடுப்பதா விடுவதா என்று எங்கும் முடிவெடுக்கவும் இல்லை. சின்னக் கேள்விகளுக்கு விடை எழுதி வைத்து, அந்த விடைகளைக் கொண்டே அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னோம். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்கவே இல்லை. பெருக்கமெல்லாம் வடிந்து போனதன் இரகசியம் அதுதான். நூறு சொற்கள் கொண்ட இரண்டு பத்திகளுக்கு 31 இலக்க வாய்ப்புகளுக்குப் பதில் பத்தாயிரம் கட்டங்கள். இன்றைய கைபேசி கண்ணிமைக்கும் முன் நிரப்பிவிடும்.

சொற்கள் எவை என்று தெரிய வேண்டுமானால் கீழ்மூலையிலிருந்து வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். அந்த 3, இடப்பக்கத்து 3-லிருந்து வந்தது. இடப்பக்கம் நகர்வதற்குப் பொருள், புதிய பிரதியின் 'மழை' சேர்க்கப்பட்ட சொல். அங்கிருந்து மின்னல், இடி, காற்று என்று மூன்று படிகள் சாய்வாக ஏறுகிறோம்; சாய்வான ஒவ்வொரு படியும் மாறாத சொல். கடைசியில் பழைய பிரதியின் 'மழை' மட்டும் மிஞ்சுகிறது, அது நீக்கப்பட்டது. வரலாற்றுப் பக்கத்தில் நாம் பார்க்கும் நிறங்களெல்லாம் இந்தப் பாதையின் திருப்பங்கள்.

விடைகளைச் சேர்த்து வைத்துப் பெரிய கேள்வியைத் தீர்க்கும் இந்த முறைக்குக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் 1950-களில் வைத்த பெயர் 'டைனமிக் புரோகிராமிங்'. பெயருக்கும் வேலைக்கும் பெரிய தொடர்பில்லை. அமெரிக்க விமானப்படையின் நிதியில் இயங்கிய ஆய்வு நிறுவனத்தில் அவர் அப்போது இருந்தார். பாதுகாப்புத் துறைச் செயலராக இருந்தவருக்கு 'ஆராய்ச்சி' என்ற சொல்லே ஆகாது என்றும், தான் செய்வது கணிதம் என்பது வெளியே தெரியாதபடி எவரும் குறை சொல்ல முடியாத ஒரு பெயரைத் தேடிப் பிடித்ததாகவும் பெல்மன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு அருமையான கருத்து முகமூடி போட்டுக்கொண்டு நிதி வாங்க வேண்டியிருந்தது. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டுக் கேட்டே அடிப்படை ஆய்வுக்கான பணத்தை வெட்டுகிறவர்கள் இன்றும் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். இணையமே இல்லாத அந்த நாளில், இது ஒருநாள் கலைக்களஞ்சியத்தைக் காக்கும் என்று பெல்மனால் எப்படிப் பதில் சொல்லியிருக்க முடியும்?

கோப்புகளை ஒப்பிடும் 'டிஃப்' என்னும் கருவி 1970-களின் முற்பகுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராயின் கையில் உருவானது. நீளமான உரைகளுக்குக் கட்டம் முழுவதையும் நிரப்புவது வீண். பத்தாயிரம் சொற்கள் என்றால் பத்துக் கோடிக் கட்டங்கள். மாற்றம் சிறியதாக இருந்தால் பாதை நடுச்சாய்வை ஒட்டியே போகும், ஆகவே அந்தச் சாய்வைச் சுற்றி மட்டும் தேடினால் போதும் என்பதைப் பயன்படுத்தி யூஜின் மையர்ஸ் 1986-இல் ஒரு வழியைத் தந்தார். மாற்றம் குறையக் குறைய வேலையும் குறையும். மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரலின் பிரதிகளைச் சேமித்து ஒப்பிட அன்றாடம் பயன்படுத்தும் 'கிட்' என்னும் கருவி இயல்பாகக் கையாளுவது இதைத்தான். கலைக்களஞ்சிய மென்பொருளும் சிக்கனம் பார்க்கிறது: முதலில் வரிகளை ஒப்பிட்டு, மாறிய வரிகளுக்குள் மட்டும் சொற்களை ஒப்பிடுகிறது.

இந்தக் கணக்குக்குப் பொருள் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். 'மழை' இடம் மாறியதை நீக்கியும் சேர்த்தும் ஆனதாகவே அது பார்த்தது. இடம்பெயர்ந்த பத்திகளை அடையாளம் காணும் வசதி பின்னாளில் தனியாகச் சேர்க்கப்பட்டது. தமிழில் 'மரத்தில்' என்பதை 'மரத்திலிருந்து' என்று திருத்தினால், முழுச் சொல்லும் புதியது என்றே நிறமிடும். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாத தாய்லாந்து மொழிக்குச் சொல் எங்கே முடிகிறது என்று கண்டறிய வேறு உதவி தேவைப்படுகிறது. இன்னொரு விந்தை: கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், எகரக் குறியும் காலும் என இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கட்டத்துக்கு வேறு வேறு. அதனால்தான் விக்கிப்பீடியா மென்பொருள் சேமிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. இல்லையென்றால், எதுவுமே மாறாத வரிகள் மாறியதாக நிறம் பூசி நிற்கும்.

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். மலேரியா கட்டுரையைத் தன் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவர் கட்டுரையைத் திரும்பப் படிப்பதில்லை. திருத்தத்தை மட்டும் படிக்கிறார். 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அப்படித்தான். விசமத் திருத்தங்களைத் தேடும் தானியங்கி நிரல்களும் இந்த வேறுபாட்டைத்தான் ஆராய்கின்றன. படிக்க வேண்டியது பத்தாயிரம் சொற்களிலிருந்து இரண்டு எண்களுக்குச் சுருங்கிவிடுவதால்தான், ஒருவரே நூற்றுக்கணக்கான கட்டுரைகளைக் காவல் காக்க முடிகிறது. எவருமே கவனிக்காத கட்டுரைகளும் உண்டு. அங்கே தவறு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். ஒரு கட்டுரையை நம்பலாமா என்று தயங்கும்போது நான் முதலில் திறப்பது அதன் வரலாற்றைத்தான்.

கடைசியாக ஒன்று. இதே கட்டத்தை 1970-லேயே சால் நீடில்மன், கிறிஸ்டியன் உன்ஷ் என்ற இருவர் சொற்களே இல்லாத இடத்தில் போட்டுப் பார்த்திருந்தார்கள். அவர்கள் ஓரங்களில் எழுதியவை புரதங்களின் அமினோ அமிலங்கள். மனித ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியையும் திமிங்கிலத் தசையின் மையோகுளோபினையும் ஒப்பிட்டு, எவை மாறாமல் நிற்கின்றன என்று தேடினார்கள். பொருந்தினால் மதிப்பெண், இடைவெளி விட்டால் கழிவு என்ற சிறு மாற்றத்தைத் தவிர விதி ஏறக்குறைய அதேதான். மையர்ஸும் பிறகு உயிரியலுக்குப் போனார். மரபணு வரிசைகளைத் தேடும் 'பிளாஸ்ட்' கருவியை 1990-இல் வெளியிட்டவர்களில் அவரும் ஒருவர். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. நலமாக இருப்பவரின் சங்கிலியையும் அரிவாள் உயிரணுச் சோகை உள்ளவரின் சங்கிலியையும் இந்தக் கட்டத்தின் இரு ஓரங்களில் எழுதுங்கள். பாதை சாய்வாகவே இறங்கி வரும். ஆறாவது இடத்தில் மட்டும் அது முறியும்: இந்தப் பக்கம் குளூட்டாமிக் அமிலம், அந்தப் பக்கம் வாலின்.