சிறையில் ‘தொழிலாளர் படை’ என்றால் யார்?

‘சிறைத் தொழிலாளர் படை மேலாண்மையும் சீர்திருத்தமும்.’ நாகர்கோவிலில் நடந்த ஒரு கருத்தரங்கின் அழைப்பிதழில் தலைப்பு இப்படி அச்சாகியிருந்தது. இந்தத் ‘தொழிலாளர் படை’யை மொழிபெயர்ப்பு அறிக்கைகளிலும் செய்திக் கட்டுரைகளிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்த எனக்கு, சொந்த ஊரிலும் அதைப் பார்த்ததும் எழுதிவிடுவது என்று தோன்றியது. வொர்க்ஃபோர்ஸ் என்பதற்கு அகராதியில் அப்படித்தானே போட்டிருக்கிறது என்பார்கள். ஒரு நூற்பாலையைப் பற்றி எழுதும்போது அது ஒப்பேறிவிடும். சிறையைப் பற்றி எழுதும்போது பொருளே தலைகீழாகிவிடுகிறது.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வொர்க் என்றால் வேலை. ஃபோர்ஸ், வலிமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது; பலம், அப்புறம் பலமாகத் திரண்ட ஆட்கள், அப்புறம் படை. ஓர் இடத்தில் வேலைக்கு இருக்கும் மொத்த ஆட்கள் என்ற பொருளில் இரண்டும் ஒட்டிக்கொண்டது பிற்காலத்தில்தான். ஜெயில் என்பதும் லத்தீன் வழிதான், அங்கே அது கூண்டு. கைதி அரபுச் சொல். சிறை நம்முடையது. ‘சிறைகாக்கும் காப்பெவன் செய்யும்’ என்று வள்ளுவர் கேட்கும்போதே சிறையும் காவலும் சேர்ந்துதான் நிற்கின்றன. வார்டர் என்பதன் வேரிலும் காவல்தான் இருக்கிறது, ஆகவே சிறைக்காவலர் என்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் எல்லாம் ‘தொழிலாளர்’ என்பதில்தான். சிறைக்குள் வேலை செய்கிறவர்கள் இரண்டு தரப்பு. ஒரு தரப்பு சம்பளத்துக்கு வருகிறது: இரண்டாம் நிலைச் சிறைக்காவலர் தொடங்கி தலைமைக் காவலர், உதவிச் சிறை அலுவலர், சிறை அலுவலர், கண்காணிப்பாளர் வரை, கூடவே மருத்துவர், நல அலுவலர், உளவியலாளர். இன்னொரு தரப்பு தண்டனையின் பகுதியாகவே வேலை செய்கிறது. நாம் ‘கடுங்காவல்’ என்று சொல்லும் தண்டனைக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு தந்த விளக்கம் கடின உழைப்போடு கூடிய சிறை என்பதுதான். தமிழ்ச் சொல்லோ உழைப்பை விட்டுவிட்டுக் காவலை மட்டும் பிடித்துக்கொண்டது. அதனால்தான் கடுங்காவல் என்றதும் பலருக்குச் சங்கிலியும் இருட்டறையும் நினைவுக்கு வருகின்றன. அது தனிக் கதை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நீண்ட தண்டனை பெறுகிறவர்கள் போய்ச் சேரும் பாளையங்கோட்டை மத்தியச் சிறையையே எடுத்துக்கொள்ளுங்கள். சமையல், துப்புரவு, தொழிற்கூடம் என்று உள்ளே கை ஓயாமல் வேலை செய்கிறவர்கள் சிறைவாசிகள். அந்த உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் சொன்னது. சாதி பார்த்துத் துப்புரவு வேலையையும் சமையல் வேலையையும் பிரித்துக் கொடுக்கும் சிறை விதிகளை 2024 அக்டோபர் 3 அன்று அதே நீதிமன்றம் செல்லாது என்றது. ஆக, சிறைத் தொழிலாளர் என்றால் தமிழ் படித்தவனுக்கு முதலில் வந்து நிற்க வேண்டியவர்கள் இவர்கள்தான். அந்தச் சொல்லைப் பிடுங்கிக் காவலர்களுக்குக் கொடுத்துவிட்டால், கூலிக்காகப் பேச வேண்டிய இடத்தில் இவர்களுக்குச் சொல்லே இல்லாமல் போகிறது.

அதே அழைப்பிதழின் உள்பக்கத்தில் ஒரு வரி: ‘சிறைத் தொழிலாளர் படையில் கடும் பற்றாக்குறை நிலவுகிறது.’ சிறைக்கு ஆள் கிடைக்கவில்லை, யாராவது சீக்கிரம் குற்றம் செய்யுங்கள் என்று கேட்பதுபோல் இல்லையா? சொல்ல வந்தது காவலர் காலிப் பணியிடங்களைப் பற்றி. 2016-ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்று கணக்கு வைக்கிறது, அதற்கு ஆள் போதவில்லை என்கிறார்கள். நல்ல விஷயம்தான், எழுதியவருக்கு அக்கறையும் இருக்கிறது. வாசிக்கிறவருக்கு அது போய்ச் சேரவில்லை.

‘பணிப்படை’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. தொழிலாளரை விட்டார்கள், படையை விடவில்லை. ஆயுதப்படை, அதிரடிப்படை, தனிப்படை என்று தினமும் செய்தி படிக்கிற ஊரில் ‘சிறையில் பணிப்படை சீரமைப்பு’ என்று தலைப்புப் போட்டால், உள்ளே ஏதோ கலவரம், துப்பாக்கியோடு ஆட்களை இறக்கிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஆங்கிலக்காரருக்கு அந்த ஃபோர்ஸ் தேய்ந்து தேய்ந்து வெறும் கூட்டமாகிவிட்டது. நமக்குப் படை இன்னும் தேயவில்லை.

‘மனிதவளம்’ அடுத்தது. 2021-இல் அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையே மனிதவள மேலாண்மைத் துறை ஆகிவிட்டதால் இனி அதை அசைக்க முடியாது. ஆனால் கனிமவளம், மீன்வளம், மனிதவளம் என்று வரிசையில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒப்பவில்லை. பாறையை லாரி லாரியாக வெட்டி ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாவட்டம் இது. வளம் என்றால் இங்கே தோண்டி எடுக்கும் பொருள் என்றே அர்த்தம்.

‘சிறை ஊழியர்’ என்று எழுதலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். மதுரையிலோ சேலத்திலோ எழுதலாம். மார்த்தாண்டத்திலும் கருங்கலிலும் ‘சிறை ஊழியம்’ என்றால் சபையிலிருந்து பைபிளும் பழமும் எடுத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போய் ஜெபித்துவிட்டு வருவது. அதைச் செய்கிறவர் ஊழியர், ஊழியக்காரர். அதற்கும் முன்னால், திருவிதாங்கூர் ஆட்சியில் ஊழியம் என்பது கூலியில்லாமல் அரசாங்கத்துக்குச் செய்தே ஆக வேண்டிய கட்டாய வேலை. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம் என்பதற்காகச் சொல்லின் பழைய காயம் ஆறிவிடாது. அரசு ஊழியர் என்பது பொதுவழக்கில் நிலைத்துவிட்டது, சரி. சிறையோடு மட்டும் அதைச் சேர்க்காமல் இருக்கலாம்.

பிறகு எதை எழுதுவது? சிறைப் பணியாளர். இவ்வளவு சுற்றி வந்ததும் இதற்குத்தானா என்றால், ஆமாம். பணி என்பதில் கட்டளையும் வேலையும் இரண்டுமே உண்டு, சீருடைத் துறைக்கு அது பொருந்துகிறது. காவலர், மருத்துவர், நல அலுவலர் எல்லாரும் அதில் அடங்குவார்கள், சிறைவாசி அடங்கமாட்டார். மொத்த எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது இலங்கைத் தமிழர்கள் ‘ஆளணி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ‘ஆளணி வெற்றிடம்’ என்றால் காலிப் பணியிடம். ஆளும் அணியும் சேர்ந்த அழகான சொல், கடன் வாங்கத் தயங்க வேண்டியதில்லை.

மேலாண்மையையும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். கழிவு மேலாண்மை, நேர மேலாண்மை, பேரிடர் மேலாண்மை என்று எதற்கெடுத்தாலும் அந்த ஒரு முத்திரைதான். சிறையில் அது என்ன? யாரை எந்தப் பாராவில், அதாவது காவல் முறையில், எத்தனை மணிக்கு நிறுத்துவது, யாருக்கு ஓய்வு நாள், யாரை வேலூர் பயிற்சி நிறுவனத்துக்கு அனுப்புவது. பாரா என்பது காவல் நிலையத்திலும் சிறையிலும் அன்றாடம் புழங்கும் சொல், விளவங்கோடு பக்கத்தில் மலையாளச் சாயலில் ‘பாறாவு’ என்பார்கள். ஓய்வுபெற்ற ஒரு காவலர் சொன்னது: “பாரா மாத்த ஆளு வரல்ல அண்ணாச்சி, விடியது வர நானே நின்னேன்.” பணியாளர் மேலாண்மை என்ற பெயரில் நூறு பக்கம் எழுதுகிறவர்கள் அந்தப் பாரா மாற்றலை ஒரு இடத்திலாவது சொல்லட்டும். பணி ஒதுக்கீடு, ஆள் நியமனம், பயிற்சி, இடமாற்றம் என்று எது நடக்கிறதோ அதன் பெயரைச் சொன்னால் போதும்.

சீர்திருத்தம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. துறையின் பெயரே சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை, அங்கே திருந்த வேண்டியவர் சிறைவாசி. நீதிபதி முல்லா தலைமையில் 1980-இல் அமைந்த குழுவை ‘சிறைச் சீர்திருத்தக் குழு’ என்கிறோம், அங்கே திருந்த வேண்டியது சிறை. ‘சீர்திருத்தப் பணியாளர் சீர்திருத்தம்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன், யார் யாரைத் திருத்துகிறார்கள் என்று மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை. ஆளுக்குத் திருத்தம், அமைப்புக்குச் சீரமைப்பு என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது. மணிமேகலையின் ஒரு காதைக்கே ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்று பெயர். அமைப்பை மாற்றுவதை எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். இன்று மொழிபெயர்த்திருந்தால் ‘சீர்திருத்தக் கட்டமைப்பு நிலைமாற்ற மேலாண்மைக் காதை’ ஆகியிருக்கும்.

என் பிரிவினைக்கு அடங்காத ஆள் ஒருவர் உண்டு. 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிறை அதிகாரியாக நியமிக்கப்படும் கைதியை அரசுப் பணியாளராகவே கருதச் சொல்கிறது. அவர் பணியாளரா, சிறைவாசியா? இரண்டும்தான். ‘கைதிக் காவலர்’ என்று எழுதினால் கைதியைக் காக்கும் காவலர் என்றும் படிக்கலாம், ‘காவல் கைதி’ என்றால் போலீஸ் காவலில் இருப்பவர் என்று தோன்றும். பழைய ஆட்கள் சொல்லும் கன்விக்ட் வார்டர்தான் இதுவரை குழப்பமில்லாமல் இருக்கிறது, நான் அப்படியே எழுதுகிறேன்.