ரிப்போட்டில் பாசிட்டிவ் என்று இருந்தால்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லைக் கேட்காதவர் இல்லை. பாடசாலையில் "பாசிட்டிவா யோசிங்க பிள்ளைங்களா" என்கிறார் சேர். டோர்ச் பற்றரியின் ஒரு முனை பாசிட்டிவ். கொரோனா காலத்தில் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்றதும் லயத்தையே, அந்த வரிசை வீடுகள் முழுவதையும், அடைத்து வைத்தார்கள். அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதனால்தான் இரத்தப் பரிசோதனை ரிப்போட்டில் இந்தச் சொல்லைக் கண்டதும் சிலர் சிரித்துக்கொண்டும் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டும் போகிறார்கள். என்ன பரிசோதனை என்று மேலே எழுதியிருப்பதை இரண்டு தரப்புமே பார்ப்பதில்லை.

ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எங்களுக்கு இது நல்ல சொல்லும் இல்லை, கெட்ட சொல்லும் இல்லை. தேடியது இருந்தால் பாசிட்டிவ், அகப்படாவிட்டால் நெகட்டிவ். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணின் சிறுநீரில் கர்ப்ப ஹோர்மோனைத் தேடும்போது பாசிட்டிவ் என்பது சந்தோசச் செய்தி. சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும்போது அதே சொல், மருந்தை உடனே தொடங்கு என்கிறது.

அதிகம் குழப்புவது இரத்த வகைதான். "மருமகளுக்கு நெகட்டிவ் ரத்தமாம், ஏதோ குறை இருக்காமே மிஸ்?" என்று ஒரு மாமியார் என்னிடமே கேட்டார். குறை ஒன்றும் இல்லை. சிவப்பணுவின் மேல் 'டி' என்றொரு புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அது பிறவியில் அமைவது. சாப்பாட்டாலும் மாறாது, மருந்தாலும் மாறாது. ஆனால் கர்ப்பிணிக்கு நெகட்டிவ் என்றால் கவனம் தேவை. தகப்பன் பாசிட்டிவாக இருந்தால் குழந்தையும் பாசிட்டிவாக இருக்கலாம். பிரசவத்தில் குழந்தையின் இரத்தம் கொஞ்சம் தாயின் உடலில் கலக்கும்போது, தாயின் உடல் அதை அந்நியமாக நினைத்து எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடலாம். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த குழந்தையும் பாசிட்டிவ் என்றால், அதன் சிவப்பணுக்களைத்தான் அந்த எதிர்ப்பொருள் அழிக்கும். இரத்தச்சோகை, கடுமையான மஞ்சள் காமாலை, சில வேளை வயிற்றிலேயே மரணம். இதைத் தடுக்க 'அன்டி-டி' ஊசி இருக்கிறது. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு அதைப் போட வேண்டும். கரு கலைந்தாலும், இடையில் இரத்தம் பட்டாலும், வயிற்றில் அடி விழுந்தாலும் இந்த ஊசி தேவைப்படலாம். மழை நாளில் கொழுந்துக் கூடையோடு மலையில் வழுக்கி விழுவது எங்கள் பக்கம் சாதாரண விசயம். "ஒண்ணும் ஆகல" என்று படுத்துக்கொள்ளாமல், கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

நெகட்டிவ் என்பதை நம்பிக் கெடுவதும் உண்டு. காசநோய்க்கு வழமையான சிகிச்சை ஆறு மாதம். இரண்டு மாத முடிவில் சளியை மறுபடி பார்ப்பார்கள். ஒழுங்காக மாத்திரை போட்டவர்களுக்குப் பெரும்பாலும் நெகட்டிவ் வரும். இருமலும் நின்றிருக்கும், உடம்பும் தேறியிருக்கும். கிளினிக் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்ற கணக்கும் சேர்ந்துகொள்ள, மாத்திரை அங்கேயே நின்றுவிடுகிறது. மிச்சமிருக்கும் கிருமி மறுபடி தலைதூக்கும். மருந்துக்கு மசியாத வகையாக மாறினால் சிகிச்சை இன்னும் நீளும், இன்னும் கடினமாகும்.

டெங்கு இன்னொன்று. எங்கள் குளிரில் டெங்கு குறைவுதான். ஆனால் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்குக் காய்ச்சலோடு வந்து இறங்குகிறார்கள். டெங்கு வைரசின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பிடிக்கும். ஆறாம் நாள் செய்து நெகட்டிவ் என்று வந்தால் டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரமும்கூட. பரசிட்டமோல் போதும், புரூஃபன் போன்ற வலி மாத்திரை வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்குச் செய்யும் விடிஆர்எல் (சிபிலிஸ் என்ற பாலியல் நோயைத் தேடுவது), எச்ஐவி பரிசோதனைகளில் 'ரியாக்டிவ்', அதாவது பாசிட்டிவ் போல, என்று வருவது முதல் சல்லடையின் முடிவு மட்டுமே. வேறு காரணங்களாலும் அப்படி வரலாம். உறுதி செய்ய மறு பரிசோதனை உண்டு. நோய் இருப்பது உறுதியானாலும் தாய்க்குச் சிகிச்சை கொடுத்துக் குழந்தையைக் காக்க முடியும். தாயிடமிருந்து குழந்தைக்கு சிபிலிஸும் எச்ஐவியும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. மறு பரிசோதனை முடிவு வருவதற்குள் வீட்டில் புருசன் சண்டை மூட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ரிப்போட் ஆங்கிலத்தில் இருப்பதால் கடை முதலாளியிடமும் ஆட்டோக்காரத் தம்பியிடமும் நீட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒருவர் வாசித்தால் மாலைக்குள் லயம் முழுக்கத் தெரியும். வட்சப்பில் படம் அனுப்பினால் மாலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. விளக்கத்தைத் தமிழில் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பதாகாது. எங்கள் ஜன்னலில் கேட்டால் பரிசோதனையின் பெயரைத் தமிழில் பின்பக்கம் எழுதித் தருவேன். அதன் அர்த்தத்தை டொக்டர் சொல்லுவார். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களே என்று கூச்சப்பட்டுத்தான் பலர் போய்விடுகிறார்கள். நிற்கட்டும், ஒரு நிமிசம்தானே.