எக்ஸிக்யூஷன்: செயலாக்கமா, நிறைவேற்றமா?

இணையவழிப் பங்குத் தரகர்களின் விளம்பரங்களில் 'அதிவேக எக்ஸிக்யூஷன்' தவறாமல் இடம்பெறும். நாம் கொடுத்த ஆர்டருக்கு எதிர்த்தரப்பு கிடைத்து, விலை உறுதியாகி, வர்த்தகம் முடிவதுதான் எக்ஸிக்யூஷன். ஆர்டர் தரகரின் சர்வரை எட்டியதும் திரையில் தோன்றும் 'ஏற்கப்பட்டது' என்ற செய்தியை அதோடு குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

சொல்லின் வேர் லத்தீன். 'எக்ஸ்' என்ற முன்னொட்டும், பின்தொடர்தல் என்று பொருள்படும் 'செக்வி' என்ற வினையும் சேர்ந்து, ஒன்றை இறுதிவரை தொடர்ந்து சென்று முடிப்பது என்ற பொருளைத் தந்தன. நீதிமன்றத் தீர்ப்பை முடித்துவைப்பது என்ற வழியில்தான் மரண தண்டனைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல் வந்தது. தமிழிலும் தூக்குத் தண்டனை 'நிறைவேற்றப்பட்டது' என்றுதானே எழுதுகிறோம்!

தமிழில் இதற்குச் செயலாக்கம், நிறைவேற்றம் என இரு சொற்கள் புழங்குகின்றன. செயலாக்கம் எனக்கு உடன்பாடில்லை. 'தரவுச் செயலாக்கம்' என்று கணினித் துறை வேறு பொருளில் அதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. 'உங்கள் ஆர்டர் செயலாக்கத்தில் இருக்கிறது' என்றால் வேலை இன்னும் முடியவில்லை என்றே யாரும் புரிந்துகொள்வார்கள். நிறைவேற்றத்தில் அந்த ஐயம் இல்லை. 'நிறைவு' உள்ளேயே இருக்கிறது. தரகர் ஆர்டரை நிறைவேற்றுகிறார், ஆர்டர் நிறைவேறுகிறது என்று பிறவினைக்கும் தன்வினைக்கும் அது இயல்பாக வளைந்தும் கொடுக்கிறது. வேகத்தைச் சேர்க்கும்போது மட்டும் சிறு சிக்கல்: 'நிறைவேற்ற வேகம்' வினையெச்சம்போல ஒலித்துத் தடுக்கிறது. 'நிறைவேற்று வேகம்' என்பதே சரி. இலங்கைத் தமிழில் 'நிறைவேற்று அதிகாரம்' நெடுங்காலமாக வழக்கில் இருப்பதால் இது புதிய ஆக்கமும் அன்று.

அந்த வேகத்தை எந்த அளவுக்கு நம்பித் தரகரைத் தேர்ந்தெடுக்கலாம்? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 1,000 கிலோமீட்டரைக் கடக்கவே 5 மில்லிநொடி ஆகிவிடும். நம் கைபேசி இணைப்பின் தாமதம் பெரும்பாலும் அதைவிட அதிகம். ஆகவே இரு தரகர்களுக்கு இடையே ஓரிரு மில்லிநொடி வித்தியாசம் இருந்தால் சாதாரண முதலீட்டாளர் அதை உணரப்போவதில்லை. சந்தை கொந்தளிக்கும் நேரத்தில் செயலி முடங்காமல் இருக்கிறதா என்பதே அவருக்கு முக்கியம்.

விலையையும் பார்க்க வேண்டும். ஒரு பங்கு 100.05 விலையில் 200 எண்ணிக்கையும், அடுத்து 100.20 விலையில் 300 எண்ணிக்கையும் விற்பனைக்கு நிற்பதாக வைத்துக்கொள்வோம். 500 பங்குகளுக்குச் சந்தை விலை ஆர்டர், அதாவது கிடைக்கும் விலையில் உடனே வாங்கச் சொல்லும் ஆர்டர், கொடுத்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் நிறைவேறும். ஆனால் சராசரி விலை 100.14. திரையில் பார்த்த விலையிலிருந்து இப்படி விலகுவதை 'ஸ்லிப்பேஜ்' என்கிறார்கள். நழுவல் என்றால் போதும். 100.05-க்கு மேல் வாங்க வேண்டாம் என்று வரம்பு வைத்திருந்தால் 200 பங்குகள் மட்டும் கிடைக்கும், மீதி காத்திருக்கும். இது பகுதி நிறைவேற்றம். ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள மிஃபிட் 2 என்ற நிதிச் சந்தை விதிகள், வாடிக்கையாளருக்குச் சிறந்த நிறைவேற்றத்தைத் தேடும்போது விலை, செலவு, வேகம், நிறைவேறும் வாய்ப்பு முதலிய எல்லாவற்றையும் தரகர் கணக்கில் கொள்ள வேண்டும் என்கின்றன. அங்கே வேகம் பலவற்றில் ஒன்று மட்டுமே.

'செட்டில்மெண்ட்' எனப்படும் தீர்வு வேறு. நிறைவேற்றத்துக்குப் பிறகு பணமும் பங்கும் கைமாறுவது அது. அமெரிக்காவில் 2024 மே மாதத்திலிருந்து அடுத்த வேலை நாளில் முடிகிறது.

'சராசரி நிறைவேற்று நேரம்' என்று ஒரு தரகர் எண்ணைக் காட்டினால், கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள்: நாம் பொத்தானை அழுத்தியபோதா, ஆர்டர் அவருடைய சர்வருக்கு வந்தபோதா, சந்தையை எட்டியபோதா? மூன்றுக்கும் மூன்று விடைகள் வரும்.