"நீ விண்டோஸா?" என்று கேட்கும் லாப்டொப்

இரவு திருகோணமலை ஸ்டேஷனில் லாப்டொப்பை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு ரயிலேறுகிறீர்கள். விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கும்போது பை சுடுகிறது, பற்றரி காலி. உள்ளே இருப்பது விண்டோஸ் அல்லாமல் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளம் என்றால் பழி லினக்ஸின் தலையில் விழும். பல வேளைகளில் அது அநியாயம்.

மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும், பற்றரியில் எவ்வளவு மிச்சம், விசிறி எப்போது சுழல வேண்டும் என்பவை மொடலுக்கு மொடல் வேறுபடும். இவற்றை இயங்குதளத்துக்குத் தெரிவிக்கும் பொது முறைதான் ஏசிபிஐ (ACPI). இன்டெல், மைக்ரோசொஃப்ட், தொஷிபா மூன்றும் சேர்ந்து 1996 இல் வெளியிட்டது. அதற்காகத் தயாரிப்பாளர் கணினியில் வைக்கும் தகவல் அட்டவணைகளில் முக்கியமான டிஎஸ்டிடி (DSDT), எண்களின் பட்டியல் அல்ல, ஒரு நிரல். தயாரிப்பாளர் அதை ஏஎஸ்எல் (ASL) என்ற நிரல் மொழியில் எழுதி, மனிதர் நேரடியாக வாசிக்க முடியாத பைட்கோடாக்கி, கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயோஸ் இருக்கும் சிப்பில் வைத்துவிடுகிறார். பற்றரி நிலை தேவைப்படும்போது லினக்ஸின் மையப்பகுதியான கேர்னல் அந்த நிரலை ஓட்டித்தான் விடை பெறுகிறது. யாரும் படிக்கலாம், திறந்த மூலம் என்று மார்தட்டும் நம் கேர்னலுக்குள், மூலத்தைக் காட்டாத ஒருவரின் நிரலும் ஓடுகிறது!

அந்த நிரல் ஒரு கேள்வி கேட்கும்: "நீ விண்டோஸ் 2015 ஆ?" விண்டோஸ் 10க்கு ஏசிபிஐயில் உள்ள பெயர் அது. லினக்ஸ் கூசாமல் "ஓம்" என்கிறது. "நீ லினக்ஸா?" என்றால் "இல்லை". இதில் தந்திரம் இருக்கிறது, ஆனால் நியாயமும் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கான பாதையைத்தான் சோதிக்கிறார்கள்; லினக்ஸுக்கென எழுதிய பாதை யாரும் நடக்காத பாதையாகக் கிடக்கும். பிரச்சினை தொடர்ந்தால், பூட் செய்யும்போது ஏசிபிஐ_ஓஎஸ்ஐ (acpi_osi) என்ற கேர்னல் அளவுருவால் இந்தப் பதில்களை மாற்றிப் பார்க்கலாம்.

அதற்கு முன் கேர்னல் பதிவில் (dmesg), பயோஸில் பிழை என்று சொல்லும் 'பேர்ம்வெயார் பக்' (Firmware Bug) என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு எந்த வகை உறக்கம் கிடைக்கும் என்று காட்டும் மெம்_ஸ்லீப் (/sys/power/mem_sleep) கோப்பைப் பாருங்கள். அதில் 'டீப்' (deep) இருந்தால் நினைவகத்தை மட்டும் விழித்திருக்க விடும் எஸ்3 உறக்கம் கிடைக்கும். 'எஸ்2ஐடில்' (s2idle) மட்டும் இருந்தால் ஒவ்வொரு சாதனமும் தானாகவே அடங்க வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தாலே பற்றரி கரையும். மூடியவுடனே விழித்துக்கொள்ளும் லாப்டொப் என்றால், யூஎஸ்பி கட்டுப்படுத்தியின் எழுப்பும் உரிமையை நிறுத்திப் பார்ப்பதே என் முதல் வேலை.

இவற்றுக்கும் மசியாவிட்டால் பயோஸைப் புதுப்பியுங்கள். அதுவும் கைவிட்டால்தான் ஏசிபிஐடம்ப் (acpidump) என்ற கருவி கொண்டு அட்டவணையை எடுத்து, ஐஏஎஸ்எல் (iasl) என்ற கம்பைலர் மூலம் வாசிக்கத்தக்க நிரலாக்கித் திருத்த வேண்டும். மைக்ரோசொஃப்டின் கம்பைலர் கண்டுகொள்ளாமல் விட்ட பிழைகளை இன்டெலின் ஐஏஎஸ்எல் வரிசையாகக் காட்டுவதுண்டு. திருத்திய அட்டவணையின் பதிப்பெண்ணைக் கூட்டி, பூட் ஆகும்போது கேர்னலுடன் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ரமஃப்ஸ் (initramfs) வழியாக ஏற்றலாம்; சிப்பில் உள்ளது அப்படியே இருக்கும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் செக்கியூர் பூட் (Secure Boot) இயங்கினால் கேர்னல் பொதுவாக இதை ஏற்காது. பின்னாளில் பயோஸைப் புதுப்பிப்பதானால் இந்தத் திருத்தத்தை முதலில் அகற்றிவிடுங்கள்: அதிலுள்ள நினைவக முகவரிகள் புதிய பயோஸுக்குப் பொருந்தாமல் போகலாம்.